மாலியில் பிரான்ஸ்: எதிரி யார் என்று சொன்னது யார்?

2013 பிப்ரவரி 2 அன்று பிரான்ஸ் அதிபர் பிரான்சுவா ஒல்லாந்த் திம்புக்டுவில் வந்து இறங்கியபோது தெருவெல்லாம் மேளச் சத்தம். சஹாராவின் தென் விளிம்பில் இருக்கும் அந்தப் பழைய நகரத்தில் பத்து மாதமாக மேளத்தைத் தொட ஆளில்லை. பாட்டுக்குத் தடை, முக்காடு விலகிய பெண்ணுக்குச் சவுக்கடி, சிகரெட் பிடித்தவருக்கும் சவுக்கடி என்று ஜிகாதிகள் ஆண்டிருந்தார்கள். அவர்களை விரட்டிய பிரெஞ்சுப் படைக்கு ஊரே திரண்டு நன்றி சொன்னது. தன் அரசியல் வாழ்க்கையின் மிக முக்கியமான நாள் இது என்று ஒல்லாந்த் நெகிழ்ந்தார்.

அவருக்கு ஓர் ஒட்டகக் குட்டியும் பரிசாகக் கிடைத்தது. பாரிசுக்குக் கொண்டுபோக வழியில்லாததால் திம்புக்டுவிலேயே ஒரு குடும்பத்தின் பொறுப்பில் விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து விசாரித்தால், அந்தக் குடும்பம் அதை அறுத்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டிருந்தது. இதைவிடப் பெரிய, அழகான ஒட்டகம் ஒன்று தருகிறோம் என்று மாலி அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். பாரிஸ் பத்திரிகைகள் சிரித்துத் தீர்த்தன.

ஒன்பது ஆண்டு கழித்து, 2022 ஆகஸ்ட் 15 அன்று, கடைசி பிரெஞ்சு வீரர்கள் காவோ நகரத்து முகாமைக் காலிசெய்துவிட்டு எல்லை தாண்டி நைஜருக்குள் போனார்கள். வழியனுப்ப மேளம் இல்லை. தலைநகர் பமாக்கோவில் 2013இல் பிரெஞ்சுக் கொடி விற்ற சாலைகளில் இப்போது ரஷ்யக் கொடிகள் பறந்தன. இடைப்பட்ட காலத்தில் பிரான்ஸ் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீரர்களை, சஹாராவின் தென் விளிம்பான சாஹேல் மண்ணில் இழந்திருந்தது. மாலியின் வடக்கில் மட்டும் இருந்த வன்முறை, நடுப்பகுதியைத் தாண்டி புர்க்கினா ஃபாசோவுக்கும் நைஜருக்கும் பரவியிருந்தது.

பயங்கரவாதத்தோடு போராடும் ஒரு நாட்டுக்குள் வல்லரசு ஒன்று படையோடு நுழையலாமா என்ற கேள்விக்கு ஆப்கானிஸ்தானைச் சொல்வதே வழக்கம். ஆனால், ஆப்கானிஸ்தானுக்குள் அமெரிக்கா யாரும் கூப்பிடாமல் போனது. மாலியில் பிரான்ஸ் அழைப்பின் பேரில் போனது, ஐ.நா.வின் ஆதரவோடு போனது, மக்கள் வாழ்த்தோடு போனது. தலையீடு என்பது எப்படி அமைய வேண்டும் என்று ஏட்டில் எழுதுவார்களோ, ஏறக்குறைய அப்படியே அமைந்தது. அதனால்தான் அது ஏன் கைவிட்டுப் போனது என்பதை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லிபியாவிலிருந்து வந்த துப்பாக்கிகள்

மாலியின் நெருப்பு மாலியில் மட்டும் பற்றியதல்ல. 2011 மார்ச்சில், பெங்காசி நகர மக்களைக் காப்பாற்ற என்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1973ஆம் எண் தீர்மானத்தின்படி நேட்டோ நாடுகள் லிபியாமீது குண்டு வீசின. முதலில் வீசியவை பிரெஞ்சு விமானங்கள். அக்டோபர் 20 அன்று கடாஃபி கொல்லப்பட்டார். அவருடைய ஆயுதக் கிடங்குகளுக்குக் காவல் இல்லாமல் போனது. கடாஃபியின் படையில் பல ஆண்டு சம்பளம் வாங்கிய துவாரெக் வீரர்கள், கிடைத்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு சொந்த ஊரான வட மாலிக்குத் திரும்பினார்கள்.

அங்கே பழைய கணக்கு ஒன்று தீராமல் கிடந்தது. 1960இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற மாலி, தெற்கிலிருந்து ஆளப்படும் நாடு. பாலைவனத்துத் துவாரெக் மக்கள் 1963இலும் 1990இலும் 2006இலும் கிளர்ந்தெழுந்து, ஒவ்வொரு முறையும் ஒடுக்கப்பட்டோ ஒப்பந்தத்தால் அமைதிப்படுத்தப்பட்டோ அடங்கியிருந்தார்கள். இந்த முறை அவர்கள் கையில் லிபியாவின் ஆயுதம். 2012 ஜனவரி 17 அன்று எம்.என்.எல்.ஏ. என்ற விடுதலை இயக்கத்தின் பெயரில் போர் தொடங்கியது. சரியான ஆயுதம் தராமல் எங்களைச் சாகவிடுகிறார்கள் என்று கொதித்த ராணுவத்தினர் மார்ச் 22 அன்று பமாக்கோவில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அந்தக் குழப்பத்தில் கிடால், காவோ, திம்புக்டு மூன்றும் மூன்று நாளில் விழுந்தன. ஏப்ரல் 6 அன்று துவாரெக் தலைவர்கள் ‘அசவாது’ என்ற தனிநாட்டை அறிவித்தார்கள்.

அந்த நாடு மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. அல்ஜீரிய உள்நாட்டுப் போரின் மிச்சமாக சஹாராவுக்குள் ஒதுங்கி, ஆள்கடத்தல் பணத்தில் கொழுத்திருந்த அல் காயிதா கிளையும், துவாரெக் பிரமுகர் இயாத் அக் காலி தொடங்கிய அன்சார் தீன் அமைப்பும், தோளோடு தோள் நின்ற எம்.என்.எல்.ஏ.வை நகரங்களிலிருந்து துரத்தின. திம்புக்டுவின் சூஃபி ஞானியர் அடக்கத்தலங்களைக் கடப்பாரையால் இடித்தார்கள். நூலகர்கள் பல்லாயிரக்கணக்கான பழஞ்சுவடிகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, கழுதை வண்டியிலும் படகிலுமாகப் பமாக்கோவுக்குக் கடத்திக் காப்பாற்றியது அந்த மாதங்களில்தான்.

பதினெட்டு நாள் வெற்றி

2012 டிசம்பரில் ஐ.நா. ஓர் ஆப்பிரிக்கப் படைக்கு அனுமதி தந்தது. ஆனால் அந்தப் படை களத்துக்கு வர அடுத்த செப்டம்பர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஜிகாதிகள் அதுவரை காத்திருக்கவில்லை. 2013 ஜனவரி 10 அன்று நடு மாலியிலுள்ள கோனாவைப் பிடித்தார்கள். அதற்குத் தெற்கே 70 கிலோமீட்டருக்குள் பெரிய விமானத்தளம். இடைக்கால அதிபர் தியோங்குண்டா த்ராவோரே பாரிசிடம் உதவி கேட்டார். மறுநாளே பிரெஞ்சு ஹெலிகாப்டர்கள் சுடத் தொடங்கின. ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை ஒன்றின் பெயரால் ‘செர்வால்’ என்று அழைக்கப்பட்ட அந்த நடவடிக்கையில், ஜனவரி 28க்குள் காவோவும் திம்புக்டுவும் மீட்கப்பட்டன. சாட் நாட்டு வீரர்களோடு சேர்ந்து வடகிழக்கு மலைகளில் நடத்திய சண்டையில் அல் காயிதா தளபதி அபு செயித் கொல்லப்பட்டார். ஜூலை, ஆகஸ்டில் தேர்தல் நடந்து இப்ராஹிம் பூபக்கர் கெய்த்தா அதிபரானார்.

ஜிகாதிகள் பமாக்கோவரை போகத் திட்டமிட்டிருந்தார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் திம்புக்டுவின் மக்களைப் பொறுத்தவரை அது இரண்டாம்பட்சக் கேள்வி. அன்று பிரான்ஸ் வராவிட்டால் சவுக்கடி தொடர்ந்திருக்கும். எந்த நிலையிலும் தலையிடக்கூடாது என்று சொல்பவர்கள் இந்தப் பதினெட்டு நாளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சிக்கல் பத்தொன்பதாம் நாள் தொடங்கியது.

வடக்கே மிச்சமிருந்த பெரிய ஊர் கிடால். துவாரெக் கிளர்ச்சியின் தாயகம். ஜிகாதிகள் ஓடியதும் எம்.என்.எல்.ஏ. அங்கே மறுபடி கொடியேற்றியது. பிரெஞ்சுப் படை கிடாலுக்குள் போனது, ஆனால் மாலி ராணுவத்தைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. போனால் துவாரெக் மக்கள்மீது பழிவாங்கல் நடக்கும் என்ற அச்சம் ஒரு காரணம். அது வீண் அச்சமும் அல்ல. மலைகளில் ஒளிந்திருந்த அல் காயிதாவைத் தேட வழி தெரிந்த ஆட்கள் தேவை என்பது இன்னொரு காரணம். பாரிசின் கண்ணில் எம்.என்.எல்.ஏ. பேசித் தீர்க்கக்கூடிய அரசியல் சக்தி. பமாக்கோவின் கண்ணில் இந்தப் போரைத் தொடங்கி நாட்டை உடைத்தவர்களே அவர்கள்தான். தங்கள் நாட்டின் ஓர் ஊருக்குள் தங்கள் ராணுவம் போக இன்னொரு நாட்டின் அனுமதி வேண்டியிருக்கிறது என்ற எரிச்சல், வெற்றி விழாவின் சூடு ஆறுமுன்பே பமாக்கோ தேநீர்க் கடைகளின் பேச்சாகிவிட்டது.

வெள்ளம் வடிந்த புல்வெளியில்

2014 ஆகஸ்டில் செர்வால் முடிந்து ‘பர்கான்’ தொடங்கியது. காற்றடித்தால் இடம் நகரும் பிறைவடிவ மணல்மேட்டின் பெயர் அது. மாலி, நைஜர், சாட், புர்க்கினா ஃபாசோ, மொரிட்டானியா என ஐந்து நாடு. சுமார் 50 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவைவிட ஒன்றரை மடங்கு நிலம். வீரர்கள் எண்ணிக்கை உச்சத்தில் இருந்த 2020இலும் 5,100 பேர்தான். சராசரியாகப் பார்த்தால் இரண்டு சென்னை மாநகரங்களின் பரப்புக்கு ஒரு வீரர்.

நகரம் பிடிக்கும் எதிரிப் படைகள் அப்போது இல்லை. எதிரி நடு மாலிக்கு இடம்பெயர்ந்திருந்தார். அங்கே நைஜர் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, ஆண்டில் பாதி நாள் ஏரிபோலப் பரந்து கிடக்கும். வெள்ளம் வடியும்போது ‘புர்கு’ என்ற புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும். மாதக்கணக்கில் வறண்ட நிலங்களில் அலைந்த ஃபுலானி மேய்ப்பர்கள், தியாஃபராபே போன்ற துறைகளில் ஆயிரக்கணக்கான மாடுகளை நீந்தவிட்டு அந்தப் புல்லுக்குக் கொண்டுவருவார்கள். எந்த மந்தை முதலில் இறங்குவது, எது பின்னால் போவது என்பதெல்லாம் பரம்பரை முறை. மேய்ச்சலுக்கு வெளியார் கட்ட வேண்டிய தொகையை வாங்குபவர் ‘ஜோரோ’ என்ற பரம்பரைப் புல்வெளித் தலைவர்.

வறட்சியும் நெல் வயல்களும் புல்வெளியைச் சுருக்கச் சுருக்க, அந்தத் தொகை ஏறியது. அதில் அதிகாரிகளுக்கும் பங்கு போனது. வழக்குக்குப் போனால் பணமுள்ளவர் பக்கம் தீர்ப்பு. விறகு வெட்டினால் வனத்துறையின் அபராதம். வானொலியில் பிரசங்கம் செய்து பெயர் வாங்கிய அமாது கூஃபா இந்த வயிற்றெரிச்சலைத்தான் பேசினார். 2015இலிருந்து அவருடைய ஆட்கள் அரசு அலுவலர்களையும் ஆசிரியர்களையும் விரட்டினார்கள், மேய்ச்சல் தொகையைக் குறைக்க வைத்தார்கள், தாங்களே வழக்கு விசாரித்தார்கள். எதிர்த்தவர்களைக் கொன்றார்கள். 2017 மார்ச்சில் கூஃபாவும் இயாத் அக் காலியும் சஹாரா அல் காயிதாவும் ஜே.என்.ஐ.எம். என்ற ஒரே குடையின்கீழ் வந்தார்கள்.

பதிலுக்கு டோகோன் உழவர்கள் வேட்டைக்காரர் படைகளைத் திரட்டினார்கள். அரசு கண்டும் காணாமல் இருந்தது. 2019 மார்ச் 23 விடியற்காலையில் ஒகோசாகு என்ற ஃபுலானி ஊரில் சுமார் 160 பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் ஜிகாதிகள் அல்ல. மோட்டார் சைக்கிளில் துப்பாக்கியோடு போகும் இருவர் கூஃபாவின் ஆட்களா, மாட்டுக்குக் காவல் போகும் மேய்ப்பர்களா, ஊர்க்காவல் படையா என்று வானத்திலிருந்து பார்க்கும் டிரோனுக்கு எப்படித் தெரியும்?

2021 ஜனவரி 3 அன்று பூன்த்தி என்ற ஊருக்கு வெளியே பிரெஞ்சு விமானங்கள் குண்டு வீசின. ஆயுதக் குழு ஒன்றைத் தாக்கினோம் என்றது பாரிஸ். ஐ.நா. மனித உரிமைக் குழு நூற்றுக்கணக்கானவர்களை விசாரித்துவிட்டு, அது கல்யாணக் கூட்டம், இறந்த 22 பேரில் 19 பேர் பொதுமக்கள் என்று அறிக்கை தந்தது. பிரான்ஸ் அதை ஏற்கவில்லை.

மூடிய கதவு

கிடாலில் பமாக்கோ எதிரி என்று கருதியவர்களோடு பிரான்ஸ் கைகோத்தது. பமாக்கோ பேசலாம் என்று நினைத்தவர்கள் விஷயத்தில் அதற்கு நேர்மாறு நடந்தது.

2017இல் மாலி அரசு ஒரு தேசிய நல்லிணக்க மாநாட்டைக் கூட்டியது. பல தரப்பினரும் கூடிய அந்த மாநாடு, கூஃபாவோடும் இயாத் அக் காலியோடும் பேச வேண்டும் என்று பரிந்துரைத்தது. இருவரும் மாலி நாட்டவர்கள், அவர்கள் பின்னால் போன இளைஞர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள் என்பது பலருடைய வாதம். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் உடனே மறுத்தார். மாலி அரசும் பின்வாங்கியது. 2020 பிப்ரவரியில் கெய்த்தா, அவர்களோடு தொடர்பு இருப்பதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதே மாதம் தோஹாவில் தாலிபான்களோடு அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் எதிர்க்கட்சித் தலைவர் சுமைலா சிசேயையும் ஒரு பிரெஞ்சுப் பெண்மணியையும் மீட்க, மாலி அரசு சுமார் 200 கைதிகளை விடுவித்தது. பிணைக்கைதிக்காகப் பேச முடிந்தவர்களோடு ஊர் அமைதிக்காகப் பேசக்கூடாதா என்று மாலியில் கேட்டார்கள். பயங்கரவாதிகளோடு பேச்சில்லை, போர் மட்டுமே என்று அடுத்த மாதம் அப்போதைய பிரான்ஸ் அதிபர் மக்ரோன் ஒரு பேட்டியில் சொன்னார்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. பிரெஞ்சு வீரர் உயிர்விடும் களத்தில், அவரைச் சுட்டவனோடு பேச்சு நடப்பதை எந்த அதிபர் தன் நாட்டுக்கு விளக்க முடியும்? 2019 நவம்பரில் இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி 13 வீரர்கள் ஒரே இரவில் இறந்திருந்தார்கள். ஆனால் இதில்தான் முடிச்சு இருக்கிறது. உதவிக்கு வந்த நாட்டின் ரத்தம் சிந்தச் சிந்த, எதிரி யார், யாரோடு பேசலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அதன் கைக்குப் போகிறது. அழைத்த அரசுக்கும் அது ஒருவகையில் வசதி. தோல்விக்கெல்லாம் பாரிசைக் கைகாட்டலாம். புல்வெளித் தகராறையோ நீதிமன்ற லஞ்சத்தையோ தீர்க்கச் சொல்லி யாரும் நெருக்க மாட்டார்கள்.

பிலிப்பைன்சில் கதை வேறு மாதிரி நடந்தது. 2002 முதல் சில நூறு அமெரிக்க வீரர்கள் அபு சயாஃப் குழுவுக்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் படைக்குப் பயிற்சியும் உளவும் தந்தார்கள். சண்டை உள்ளூர்ப் படையின் பொறுப்பு. அதே தெற்கில் அதைவிடப் பெரிய இயக்கமான மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியோடு மணிலா பேசிக்கொண்டிருந்தது. அந்த முன்னணியை அமெரிக்கா தன் பயங்கரவாதப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. மணிலா அதை விரும்பவில்லை. 2014இல் ஒப்பந்தம், 2019இல் தன்னாட்சிப் பகுதி. இடையில் 2017இல் மராவி நகரம் ஐந்து மாதம் எரிந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் யாரோடு சண்டை, யாரோடு பேச்சு என்ற பட்டியலை மணிலாதான் வைத்திருந்தது.

உரிமை திரும்பிய பிறகு

2020 ஆகஸ்டிலும் 2021 மேயிலும் மாலி ராணுவம் இரண்டு முறை ஆட்சியைப் பிடித்தது. கர்னல் அசிமி கொய்த்தாவின் அரசு ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையை வரவழைத்தது, பிரெஞ்சுத் தூதரை வெளியேற்றியது. 13,000 பேர்கொண்ட ஐ.நா. அமைதிப்படையும் 2023 இறுதியில் கிளம்பியது.

எதிரி யார் என்று சொல்லும் உரிமை இப்போது முழுதாக பமாக்கோவிடம் வந்துவிட்டது. அதை அது எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கு மூரா சாட்சி. 2022 மார்ச் 27, சந்தை நாள். ரமலானுக்கு முன் சாமான் வாங்கச் சுற்றுவட்டார மக்கள் கூடியிருந்தபோது ஹெலிகாப்டர்கள் இறங்கின. ராணுவமும் வெளிநாட்டு ஆயுததாரிகளும் ஐந்து நாள் அந்த ஊரை அடைத்து வைத்து, குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை ஆணையரகம் அறிவித்தது. கொல்லப்பட்ட 203 பேரும் பயங்கரவாதிகள் என்றது அரசு. 2023 நவம்பரில் கிடாலைப் பிடித்து வெற்றிக் கொண்டாட்டமும் நடந்தது. ஆனால் 2025 செப்டம்பரில் ஜே.என்.ஐ.எம். பமாக்கோவுக்கு வரும் எரிபொருள் லாரிகளை வழிமறித்து எரிக்கத் தொடங்கியதும் தலைநகரின் பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. நாடு முழுவதும் பள்ளிகளை இரண்டு வாரம் மூடினார்கள். அந்த நவம்பரில் மேற்கு மாலியில் மின்மயமாக்கல் வேலையில் இருந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஐந்து பேர் கடத்தப்பட்டபோதுதான், மாலி என்ற பெயர் தென்மாவட்டத்துக் கிராமங்கள் வரை வந்து சேர்ந்தது.

ஆக, வெளியார் போய்விட்டால் போதும் என்ற விடையும் பொருந்தவில்லை. ஒரு புரவலருக்குப் பதில் இன்னொரு புரவலர். முதலாமவர் பேசக்கூடாது என்றார். இரண்டாமவர் எதையும் கேட்கவே இல்லை.

பக்கத்து நாடான மொரிட்டானியாவைப் பார்த்தால் மூன்றாவது வழி ஒன்று மங்கலாகத் தெரிகிறது. 2005இலும் 2008இலும் அதன் வீரர்கள் பலர் ஜிகாதித் தாக்குதல்களில் செத்தார்கள். பாதுகாப்பில்லை என்று 2008இல் டாக்கர் மோட்டார் பந்தயமே ரத்தாகி, பிறகு தென் அமெரிக்காவுக்குப் போனது. மொரிட்டானியா, பிரான்சிடம் பயிற்சி வாங்கிக்கொண்டது, ஆனால் சண்டையைத் தானே நடத்தியது. 2010இல் சிறையிலிருந்த ஜிகாதிகளோடு மார்க்க அறிஞர்களை உட்காரவைத்து விவாதிக்கச் செய்து, மனம் மாறியவர்களில் பலரை விடுவித்தது. ஜீப் போகாத எல்லைப் பகுதிகளுக்கு ஒட்டகப் படையை அனுப்பியது. அந்த வீரர்கள் கிணறு சரிபார்ப்பார்கள், மருந்து கொடுப்பார்கள், கூடாரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி ஊர்ச் சேதி கேட்பார்கள். 2011க்குப் பிறகு அந்நாட்டு மண்ணில் பெரிய ஜிகாதித் தாக்குதல் நடக்கவில்லை. அல் காயிதாவோடு ரகசிய உடன்பாடு இருந்தது என்று குற்றச்சாட்டு உண்டு, அரசு மறுக்கிறது. ஆட்சிக் கவிழ்ப்புகளையும் அடிமைமுறையின் மிச்சங்களையும் சுமக்கும் நாடு என்பதால் அதை முன்மாதிரிக் குடியரசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வல்லரசு வரலாமா கூடாதா என்று கேட்பதைவிட, எந்த வேலைக்கு, எவ்வளவு நாளுக்கு, யார் தலைமையில் என்று கேட்பது பயனுள்ளது. கோனாவில் வந்த ஆபத்து போன்ற ஒன்றைத் தடுக்க அழைப்பின் பேரில் வருவதற்கு இடமுண்டு. நகரங்கள் மீண்ட கையோடு, எதிரிகளின் பட்டியலும் பேச்சுவார்த்தையின் சாவியும் அந்த நாட்டிடம் போய்விட வேண்டும். குண்டு விழுந்த ஊரில் வெளியார் நடத்தும் விசாரணைக்கு, உதவிக்கு வந்த படை உட்பட வேண்டும். இதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். ‘அந்த நாடு’ என்றால் யார்? 2013இல் உதவி கேட்டவர் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் வந்த இடைக்கால அதிபர். 2022இல் வெளியே போ என்றவர் ஆட்சியைக் கவிழ்த்த கர்னல். தியாஃபராபே துறையில் மாட்டோடு நிற்கும் மேய்ப்பரை இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை.

அவரைப் போன்றவர்கள் பலர் இப்போது மொரிட்டானியாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறார்கள். 2012இல் திறக்கப்பட்ட ம்பேரா அகதி முகாமில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாலி மக்கள். முதல் ஆண்டில் அங்கே பிறந்த குழந்தைகளுக்கு மீசை அரும்பும் வயது. சுற்றியுள்ள வறண்ட புல்வெளிகளில் கோடையில் தீப்பிடிக்கும். அந்தப் புல் எரிந்தால் உள்ளூர் மக்களின் மாடுகளுக்கும் தீவனம் இல்லை, அகதிகளின் மாடுகளுக்கும் இல்லை. அதனால் முகாமின் தொண்டர்கள் சிலர் தீயணைப்புக் குழுவாகச் சேர்ந்தார்கள். தண்ணீர் கிடைக்காத இடம் என்பதால், புகை தெரிந்ததும் வண்டியில் ஏறிப் போய், பச்சைக் கிளைகளை ஒடித்து வரிசையாக நின்று நெருப்பை அடித்து அணைப்பார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தீயை அணைத்த அந்தக் குழுவுக்கு 2022இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நான்சென் விருது ஆப்பிரிக்கப் பிரிவில் கிடைத்தது. பிரெஞ்சு வீரர்கள் காவோவைக் காலிசெய்ததும் அதே ஆண்டில்தான்.